இணக்கமானியும் இரண்டு கூட்டாளிகளும்

நிலாவில் இடுப்பில் சாரம், அதாவது லுங்கி, கட்டி நடந்தவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஒரு எட்டு எடுத்து வைத்தால் ஆள் முதலில் இறங்கிவிடுவார். சாரம் இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு மேலேயே நிற்கும். நிலாவில் வெண்குடி என்ற ஊருக்குச் சுரங்க வேலைக்கு வந்த நம்மூர் ஆட்கள் முதல் இரண்டு வருடம் மானத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். பிறகு கடைவீதியில் ஆவுடையப்பனும் மீரான் கனியும் ஜவுளிக்கடை போட்டார்கள். சாரத்தின் கீழ் ஓரத்தை மடித்து, உள்ளே சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்து விற்றார்கள். ஊர் மானம் நிமிர்ந்தது.

குண்டு வைக்கிற யோசனை யாருடையது என்ற தகராறு மட்டும் தீரவில்லை. ஆவுடையப்பன் தன்னுடையது என்பார். மீரான் கனி, "உமக்கு யோசனை வேற வருமாவே?" என்பார். காலையில் கடைக் கதவு திறக்கும்போது ஆரம்பிக்கும் இது, சாத்தும்போதுதான் ஓயும்.

ஆனால் வியாபாரம் நடந்ததே இந்தச் சண்டையில்தான். ஆள் வந்து சாரத்தைத் தொட்டுப் பார்ப்பார். மீரான் கனி ஒரு விலை சொல்லுவார். வந்தவர் முகம் சுருங்குகிற சமயம் பார்த்து, உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கும் ஆவுடையப்பன், "நம்ம ஊர்க்காரரு, கொஞ்சம் கொறச்சுக் குடும்வே" என்று குரல் கொடுப்பார். "கொறைக்கவா? கடைய இழுத்து மூடிட்டு ஒம்ம தலையில துண்டப் போடவா?" என்று மீரான் கனி எகிறுவார். இவர் பதிலுக்கு எகிறுவார். வாங்க வந்தவர் நடுவில் நின்று இருவரையும் சமாதானம் பண்ணி, ஏதோ தன் சாமர்த்தியத்தால் விலை குறைந்ததாக நினைத்து, இரண்டு சாரமாக வாங்கிக்கொண்டு போவார். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று இருவரும் ஒரு நாளும் பேசி வைத்துக்கொண்டது கிடையாது. எது விற்பனைச் சண்டை, எது நிஜச் சண்டை என்று அவர்களுக்கே பல சமயம் தெரியாது.

இப்படிப்பட்ட கடைக்குள்தான் இணக்கமானி வந்து உட்கார்ந்தது.

அதைக் கொண்டுவந்ததற்கும் காரணம் இருந்தது. கூரைக்குக் கீழே அடைத்து வைத்த காற்றைத்தான் ஊரே சுவாசிக்கிறது. ஒரு தடவை காற்று நிலையத்தில் இரண்டு பொறியாளர்கள் கோபத்தில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்ததில், ஒருவர் திறந்த குழாயை இன்னொருவர் மூடவில்லை. ஊரில் பாதிப்பேர் மூச்சுத் திணறிப் பிழைத்தார்கள். அதிலிருந்து நிர்வாகம் உஷாரானது. இருவர் சேர்ந்து செய்யும் வேலை எதுவானாலும் அங்கே இணக்கமானி என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். பேச்சைக் கேட்கும், மார்க் போடும். மாதக் கடைசி மார்க் நாற்பதுக்குக் கீழே இறங்கி மூன்று மாதம் ஏறாமலே கிடந்தால், ஒருவர் அடுத்த கப்பலில் பூமிக்குத் திரும்ப வேண்டும்.

முதலில் சிக்கியவர்கள் இட்லிக் கடை அக்கா தங்கை. அக்கா பேச்சியம்மாளைக் கப்பலேற்றினார்கள். தங்கை இசக்கியம்மாள் தனியாக மாவாட்டினாள். அவள் கடையில் பெட்டியின் தொந்தரவு தீர்ந்தது. தனி ஆளுக்கு மார்க் இல்லை. இட்லிதான் கல்லாகிவிட்டது.

அடுத்தது ஜவுளிக்கடை.

"முப்பத்தொண்ணு," என்றாள் கார்குழலி. இணக்கத் துறை அதிகாரி, சென்னைப் பெண், சின்ன வயது. யாரையும் புண்படுத்தாத குரல். "போன மாசமும் முப்பத்தொண்ணு சார். இன்னும் ஒரே ஒரு மாசம்தான் டைம். அடுத்த மாசக் கப்பலுக்குள்ள ஏத்தலைன்னா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்..."

"எதுக்கும்மா இம்புட்டு கொறச்சு?" என்றார் ஆவுடையப்பன். "நாங்க நல்லாத்தான இருக்கோம்?"

"நேத்து காலையில இவர நீங்க 'அறிவு கெட்ட மூதி'ன்னு சொல்லியிருக்கீங்க."

"அது குட்மார்னிங்கும்மா," என்றார் மீரான் கனி.

கார்குழலி சிரிக்கவில்லை. பெட்டி எப்படி மார்க் போடுகிறது என்று பொறுமையாக விளக்கினாள். அதற்கு ஒத்துழைப்புச் சொற்கள் என்று ஒரு பட்டியல் ஏற்றியிருக்கிறார்கள். நாம், சேர்ந்து, கைகோத்து, தோள்கொடுத்து, கலந்து பேசி, உங்கள் கருத்து என்ன... ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு. குரல் உயர்ந்தால் கழிவு. ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுந்தால் பெரிய கழிவு.

"தண்ணி நிலையத்துல இருக்கறவங்களப் பாருங்க. தொண்ணூத்தேழு."

"அங்கதான குழாய் ஒழுகிட்டே கெடக்கு?"

"அதுக்கு ஒரு கூட்டம் போட்டிருக்காங்க சார். எல்லாரும் ஒருமனதா வருத்தம் தெரிவிச்சாங்க."

அவள் போய்விட்டாள். பூமி என்றதும் ஆவுடையப்பனுக்கு நினைவுக்கு வந்தது மருத்துவர் காட்டிய எலும்புப் படம்தான். இத்தனை வருடம் நிலாவில் மிதந்து நடந்த எலும்பு. கீழே போனால் ஆறு மடங்கு எடை. இவருக்கே கைத்தடி வேண்டும். மீரான் கனியின் முழங்கால் ஏற்கெனவே பஞ்சு; அங்கே போனால் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. கப்பலில் யார் ஏறினாலும் மற்றவரை இனிப் பார்க்க முடியாது. இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லாததால், ஆவுடையப்பன், "ஏத்திருவோம்வே மார்க்க," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் துளைபோடும் இயந்திரம் ஓட்டுகிற தூத்துக்குடி ஜெபமணி சாரம் வாங்க வந்தான். மீரான் கனி விலை சொன்னார். ஜெபமணி முகத்தைச் சுருக்கினான். எல்லாம் முறைப்படி நடந்தது. ஆவுடையப்பன் பெட்டியை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"மீரான் அவர்களே, விலை விஷயத்தில் நாம் கலந்து பேசலாமா? உங்கள் கருத்து என்ன?"

"தாராளமாக. நாம் சேர்ந்து முடிவெடுப்போம். தோள்கொடுத்து... குறைப்போம்."

"கைகோத்துக் குறைப்போம்."

"மிக்க மகிழ்ச்சி."

ஜெபமணி சாரத்தை மெல்ல மேசையில் வைத்தான். "அண்ணாச்சி, ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"நல்லாயிருக்கோம்டே. நாம் அனைவரும் நல்லாயிருக்கோம்."

"கடைய விக்கப் போறியளா பாய்? சரக்குல ஏதும் கோளாறா?" துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். ஓரத்தை நசுக்கிக் குண்டுகளைச் சரிபார்த்தான். "நான் பொறவு வாறேன்." ஒரே தாவலில் வீதிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. ஜவுளிக்கடையில் மரியாதையாகப் பேசுகிறார்களாம், என்னமோ ஏமாற்று நடக்கிறது என்று. ஆள் நடமாட்டம் நின்றது. மார்க் மட்டும் ஐம்பதுக்கு ஏறியது. ஆனால் வியாபாரமில்லாத கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து 'தங்கள் கருத்து', 'தங்கள் கருத்து' என்று எத்தனை நாள்தான் மென்றுகொண்டிருப்பது? ஒரு நாள் மீரான் கனி தேநீரில் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். ஆவுடையப்பன் பல நாள் அடக்கி வைத்ததை எல்லாம் அந்த ஒரு டம்ளர் தேநீருக்காகக் கொட்டித் தீர்த்தார். மீரான் கனி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார். இருவருக்கும் மனசு லேசாகிவிட்டது. மாதக் கடைசி மார்க் பன்னிரண்டாகிவிட்டது.

கப்பல் வந்து நின்றது. கார்குழலி தன்னோடு கொண்டு திரியும் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். மற்றப் பெட்டிகள் எல்லாம் காதுகள், இதுதான் மூளை. பேசும்.

"யார் போறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிடுங்க சார்," என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆவுடையப்பன் முதல்நாளே முடிவெடுத்து வைத்திருந்தார். போகிறது தான்தான். ஆனால் நான் போகிறேன் என்று நேரடியாகச் சொன்னால் மீரான் கனி மோப்பம் பிடித்துவிடுவார். ஆசைப்பட்டுக் கேட்கிற சரக்குக்கு விலை ஏறும். ஆகவே சாவகாசமாக ஆரம்பித்தார்.

"எனக்கு இந்த ஊரு புளிச்சுப்போச்சுவே. எங்க பாத்தாலும் சாம்பல். நான் போய் ரெண்டு பச்சை மரத்தப் பாக்கேன். கடைய நீரே வச்சுக் கட்டி அழும்."

மீரான் கனி அவரை, துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "அது எப்படி? நான்லா போகணும்னு இருக்கேன். மழையப் பாத்து எத்தன வருசமாச்சு!"

"மழையில உமக்குச் சளி பிடிக்கும்."

"சளிக்குச் சுக்கு இருக்குவே. உமக்குத்தான் வெயிலு ஆகாது. வேர்க்குரு வரும்."

"வேர்க்குருக்குப் பவுடர் இருக்கு."

"நீரு போனா எனக்குக் கடை நடத்தத் தெரியாதுவே," என்றார் மீரான் கனி.

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வாக்கியத்தைக் கேட்க அவர் எத்தனை வருடம் தவம் கிடந்தார்! பிடித்துக்கொள்ளாமல் விட்டார். "எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? வியாபாரம் பூராவும் உம்ம வாயிலதான ஓடுது."

மீரான் கனி பின்வாங்கவில்லை. கடைசிச் சரக்கை எடுத்து வெளியே போட்டார். "சாரத்துக்குக் குண்டு வச்சது நீருதான். ஒத்துக்கிடுதேன். கண்டுபிடிச்சவருதான் கடையில இருக்கணும். பேச்சு முடிஞ்சுது."

"யாரு நானா? பொய் சொல்லாதேயும்! அது உம்ம யோசனை!"

"உம்ம யோசனைவே!"

"ஓய், என் வாயால சொல்லுதேன், நீருதான்! அன்னைக்கு ஈயத்த உருக்கி வெரலச் சுட்டுக்கிட்டது நீரா நானா?"

"உருக்கச் சொன்னது யாரு? அறிவு கெட்ட மூதி, விட்டுக்குடுத்தா வாங்கிக்கிடத் தெரியாதா உமக்கு?"

"நீரு குடுத்தா நான் எதுக்குவே வாங்கணும்?"

இருவரும் மேசைக்கு மேலே எம்பி நின்றார்கள். எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜவுளிக்கடை பழையபடி ஆகிவிட்டது என்று ஜெபமணி கூட நிம்மதியாக வாசல் வரை வந்துவிட்டான்.

"இணக்கம், நான்கு," என்றது பெட்டி. "இதுவரை பதிவானதில் மிகக் குறைவு."

கார்குழலி நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பாலா அழுகையாலா என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. "இதுக்கா நாலு?" என்று பெட்டியிடம் கேட்டாள்.

"குரல் உயர்வு. இடைமறிப்பு. வசைச்சொல். 'நாம்' என்ற சொல் ஒரு முறையும் இல்லை."

"சரி," என்றாள் அவள்.

எதிர்த்து ஒரு வார்த்தை இல்லாத அந்தச் 'சரி'யை ஆவுடையப்பன் காதில் வாங்கினார். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "எம்மா, நீங்களும் இந்தப் பெட்டியும் சேந்துதான வேலை பாக்கீங்க?"

"ஆமா சார்."

"உங்க ரெண்டு பேத்துக்கும் மார்க்கு உண்டுமா?"

அவள் பதில் சொல்லுமுன் பெட்டியே சொன்னது. "உண்டு. நூறு."

"எதுத்துப் பேசினதே இல்லையோ?"

"இல்ல சார்," என்றாள் கார்குழலி. கொஞ்சம் வெட்கப்பட்டது போலிருந்தது.

"ஒரு தடவ பேசிப் பாருங்களேன்."

அவளுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பெட்டியைப் பார்த்து, "நீங்க... நீ செய்யறது அவ்வளவு சரியில்லன்னு தோணுது," என்றாள்.

"உங்கள் கருத்துக்கு நன்றி. தொண்ணூற்றாறு."

"எம்மா, வெண்ணெயத் தடவுன மாதிரி திட்டுனா எப்படி?" என்றார் மீரான் கனி. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. "வயித்துலேர்ந்து வரணும். இவரப் பாத்து நான் எப்படிப் பேசுனேன்? எது உள்ள குத்திக்கிட்டே கெடக்கோ அத எடுத்து வீசு."

கார்குழலி பெட்டியை நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு வந்தது வேறு குரல்.

"மாவுல உப்பு கூடிடுச்சுன்னு ரெண்டு பேர் கத்திக்கிட்டாங்க. அவ்வளவுதான நடந்துச்சு? அதுக்கு நீ மார்க் போட்ட, நான் கையெழுத்துப் போட்டேன். அந்த அக்கா கப்பல்ல ஏறும்போது மாவுக் கரண்டியக் கையிலேயே வச்சிருந்தாங்க, கீழ வைக்க மாட்டேன்னு. இப்ப தெனமும் இசக்கியம்மா எனக்கு இட்லி வைக்கறாங்க, மூஞ்சியப் பாக்காம! என்னைக்காவது அதை நீ கேட்டியா? தண்ணி நிலையத்துல ஒருத்தரும் ஸ்பேனரத் தொடல, அவங்களுக்குத் தொண்ணூத்தேழு! நடுவுல பேசாத! நான் இன்னும் முடிக்கல! காது மட்டும் இருந்தா போதுமாடா தகரம்?"

"தகரம்," என்று மீரான் கனி ரசித்து முணுமுணுத்தார். "நல்ல பிள்ளை."

"முப்பத்திரண்டு," என்றது பெட்டி. "அதிகாரிக்குச் சலுகைக் காலம் கிடையாது. விதிப்படி நம் இருவரில் ஒருவர் இன்றைய கப்பலில் ஏற வேண்டும்."

ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏவி விட்டாரே தவிர, அடுத்த படியை அவர் யோசிக்கவில்லை. தன் கடையைக் காப்பாற்ற ஊரான் வீட்டுப் பெண்ணை அல்லவா மாட்டிவிட்டோம்!

"நானே போறேன்," என்றாள் கார்குழலி மெதுவாக. "எனக்கு எலும்பு இன்னும்..."

"சும்மா இரும்மா!" இருவரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். "கேட்ட ஒடனே குடுத்துருவியோ?" என்றார் மீரான் கனி.

ஆவுடையப்பன் முழங்கையை மேசையில் ஊன்றிப் பெட்டியின் பக்கம் சாய்ந்தார். வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல் தானாக வந்தது. "நீரு போகலாமே? நல்ல காத்து, நல்ல வெளிச்சம். உமக்கு எலும்பும் கெடையாது."

பெட்டி அதற்கு முன் எப்போதும் இவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

"நான் எடை கூடியவன். சரக்குக் கட்டணம் அதிகம். நிர்வாகம் விரும்பாது."

"அப்ப இந்தப் பிள்ளையத்தான் அனுப்பணுங்கீரு."

"அவரை அனுப்பவும் நிர்வாகம் விரும்பாது. பயிற்சிச் செலவு."

"இதுவும் ஆகாது, அதுவும் ஆகாதுன்னா என்னதான்வே சொல்ல வாறீரு? கடைசியா ஒரு வார்த்தை சொல்லும்."

"விதியின் பின்னிணைப்பில் இன்னொரு வழி இருக்கிறது," என்றது பெட்டி. "பிரிக்கப்படுகிறவருக்கு இதே ஊரில் வேறு வேலை தர யாராவது முன்வந்தால், அவர் கப்பலேற வேண்டியதில்லை."

கார்குழலியின் முகம் வெளுத்தது. "அப்படின்னா பேச்சியம்மா... ஏன் அன்னைக்கு இதைச் சொல்லல?"

"யாரும் கேட்கவில்லை."

"கேக்காட்டி சொல்ல மாட்டியா?"

"கேட்காமலே இறங்கி வருவது இந்தக் கடையில் வழக்கமில்லை. இந்தக் கடைப் பேச்சைத்தான் நான் அதிக நேரம் கேட்டிருக்கிறேன்."

மீரான் கனி ஆவுடையப்பனைப் பார்த்தார். "தேறிட்டுதுவே."

"உம்மப் பாத்துத்தான் கெட்டுப்போச்சு," என்றார் ஆவுடையப்பன். ஆனால் கார்குழலியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அந்தச் சிரிப்பு முழுதாக வரவில்லை.

அவள் அழுது முடித்துவிட்டுச் செய்த முதல் காரியம், அதே கப்பலில் பேச்சியம்மாளுக்குச் சேதி அனுப்பியது. இரண்டாவது, இசக்கியம்மாள் கடைக்குப் போய் நின்றது. அக்காவுக்குத் திரும்ப வேலை கொடுக்கச் சம்மதமா என்று கேட்டாளாம். இசக்கியம்மாள் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்து, வீதியெல்லாம் கேட்கிற மாதிரி வாய் நிறையத் திட்டினாளாம். திட்டி முடித்துச் சம்மதித்தாளாம். திரும்பி வரும்போது கார்குழலி நிமிர்ந்து நடந்து வந்தாள்.

பெட்டி கப்பலேறாமல் கடை வேலைக்கு வந்துவிட்டதால், மூளை இல்லாமல் மற்றக் காதுகள் வெறும் டப்பாக்களாயின. ஊரில் மார்க் நின்றது, கூட்டாளிகளில் ஒருவரும் கப்பலேற வேண்டியிருக்கவில்லை. வேறு மூளை அனுப்பக் கேட்டு நிர்வாகம் பூமிக்கு எழுதியிருக்கிறது. அங்கே அதற்கு ஒரு குழு அமைத்திருக்கிறார்கள், எல்லோரும் ஒருமனதாக இருக்கிறார்கள், ஆகவே இப்போதைக்கு வராது.

பெட்டிக்கு ஜவுளிக்கடையில் வேலை. சம்பளம் மின்சாரம், அதற்கே ஒரு நாள் முழுக்க இழுபறி. இப்போது ஜெபமணி வந்தால் மீரான் கனி விலை சொல்லுவார், ஆவுடையப்பன் குறைக்கச் சொல்லுவார், அவர் எகிறுவார், இவர் எகிறுவார். அந்த நேரம் பார்த்து அலமாரிக்கு மேலிருந்து, "இருவருக்குமே அசல் விலை தெரியவில்லை. இப்படி விற்றால் கடை தாங்காது," என்று தெளிந்த உச்சரிப்பில் ஒரு குரல் வரும். வந்தவர் அவசர அவசரமாக மூன்று சாரம் எடுத்துக்கொண்டு ஓடுவார்.

எல்லாம் சரிதான். ஆவுடையப்பனுக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு மதியம் மீரான் கனி தொழப் போயிருந்தார். வெண்குடி வானத்தில் மக்கா இருக்கிற பூமி எப்போதும் ஒரே மூலையில் நிற்பதால் அவருக்குத் திசை தேடுகிற வேலை இல்லை, சீக்கிரம் திரும்பிவிடுவார். ஆவுடையப்பன் அலமாரிக்குக் கீழே போய் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு யாரு போறதுன்னு நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டோம்லா. அதுக்கு நாலுன்னு சொன்னீரே. நெசமாவே அது நாலுதானா?"

"நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டது பெட்டி.

ஆவுடையப்பன் திறந்த வாயை மூடிக்கொண்டார். முதலில் எண்ணைச் சொல்லிவிட அவர் என்ன நேற்றுக் கடை வைத்தவரா? துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். பெட்டியும் அவசரம் காட்டவில்லை. மீரான் கனி உள்ளே வந்து, "கடையத் தொறந்து போட்டுட்டு ரெண்டு பேரும் என்னவே மௌன விரதம்?" என்று கத்துகிற வரையில் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.